பழைய சைக்கிள் ட்யூப்

பாசத்துக்குரிய மருமகளுக்கு உன் தாய்மாமன் எழுதுவது. நான் நலம், உன் அம்மா நலம், கார் மட்டும் கொஞ்சம் சுகமில்லை. இப்படி ஆகும் என்று நான் அப்போதே சொன்னேன். யாரிடம் என்று கேட்காதே.

“அப்பா போன பிறகு அம்மாவால் தனியாக எதையும் சமாளிக்க முடியாது. காரை வாங்குகிறவரிடம் ஒப்படைத்துவிட்டு அம்மாவை இங்கே அனுப்பிவிடுங்கள்” என்று நீ எழுதியபடியே சனிக்கிழமை காலை கிளம்பினேன். கடைசியாக ஒருதரம் முன்சீட்டில் உட்கார்ந்து வருகிறேன் என்று உன் அம்மாவும் ஏறிக்கொண்டாள். மடியில் கைப்பை. மேம்பாலம் ஏறும்போது பானெட்டுக்குள் ஒரு சீறல், ஊரே மறைகிற அளவுக்கு ஆவி! ரேடியேட்டர் தண்ணீர் ஓடுகிற ரப்பர் குழாய் வாயைப் பிளந்துவிட்டது. வேறொருவன் என்றால் அங்கேயே அழுதிருப்பான். உன் அம்மா பதறிப்போய் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கையை நீட்ட, அந்தக் கையில் பளாரென்று ஒன்று வைத்தேன். “சூட்டோட தொறந்தா மூஞ்சி வெந்துடும்க்கா!” அரைமணி ஆறவிட்டு, டிக்கியில் உன் அப்பா சுருட்டி வைத்திருந்த பழைய சைக்கிள் ட்யூபை (குப்பை என்று நீ தூக்கிப் போடச் சொன்னாயே, அதேதான்) நாடா நாடாகக் கிழித்து, இழுத்துச் சுற்றி, கம்பியால் முறுக்கி, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி, கிளப்பினேன் பார் வண்டியை! இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர மாட்டார்கள் என்றுதான் ஏழாவதோடு நின்றேன். வேடிக்கை பார்த்த லாரிக்காரர், “எந்தக் கம்பெனி இன்ஜினீயருங்க?” என்றார். ஒட்டுப்போட்ட வண்டியை அடுத்தவர் தலையில் கட்டுவது நமக்கு அழகா? நேரே வீட்டுக்கே திருப்பிவிட்டோம்.

நீயும் உன் வீட்டாரும், எந்தக் குழாயும் வெடிக்காமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமா.

பி.கு.: கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு பார்வை பார்த்தாள். ஆகவே ஒரு சிறு திருத்தம். மூடியைத் திறக்கப் போனது என் கை. அடி விழுந்ததும் அதன்மேல்தான், இன்னும் சிவப்பு போகவில்லை. ட்யூப் சுற்றியவளும் அவளே. “இருபது வருஷம் அவர் வண்டிய ரிப்பேர் பண்றப்பெல்லாம் டார்ச் புடிச்சேனே, சும்மாவாடா நின்னேன்? குடையைப் புடி, வெயில் அடிக்குது” என்றாள். குடை பிடித்தது சத்தியமாக நான். அம்மாவால் எதையும் சமாளிக்க முடியாது என்று நீ எழுதிய அந்த வரியை மட்டும் விட்டுவிட்டுப் படித்தேன். அதைத் திருத்துவது உன் பொறுப்பு.