கூப்பிட்ட குரலுக்கு

இனிமேல் எந்த உயிரையும் அதட்டுவதில்லை என்று பிரேக் மாஸ்டர் முடிவெடுத்தார். அந்த முடிவை அவர் வீட்டில் அறிவித்தபோது சத்தம் தெருமுனை வரை கேட்டது.

பிரேக் மாஸ்டர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. கார் ஓட்டப் பழக்கும் பள்ளியில் பாதி ஆயுளைப் பக்கத்து சீட்டிலேயே கழித்தவர் அவர். "பிரேக்! பிரேக்! கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?" என்று அவர் போட்ட கூச்சலில் கார் நின்றதோ இல்லையோ, பல பேருக்குக் கார் ஆசை நின்றுபோனது. ஒரு நாள் ஒரு பெண் சிக்னலில் காரை நிறுத்தினாள். கதவைத் திறந்தாள். இறங்கி, பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். மாஸ்டருக்கு மனசே விட்டுப்போயிற்று. தன்னைக் கண்டு பயப்படாமல் ஒரு ஜீவனாவது கிட்டே வரவேண்டும் என்று அன்றைக்கு ஏங்கியவர், மறுநாளே வேலையை விட்டார். அடிக்காமல், அதட்டாமல், தீனி கொடுத்தே நாய் பழக்கும் படிப்பு ஒன்றில் போய்ச் சேர்ந்தார்.

அவர் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே பேசுவாள். அதனால் பேச்சு எப்போதும் கொஞ்சம் குத்தும்.

"நாலு சக்கரத்தை விட்டுட்டு நாலு காலைப் பிடிக்கப் போறீங்களாக்கும்?"

"கிண்டல் பண்ணாத. இது பெரிய படிப்பு. நல்லது செஞ்சா தீனி குடுக்கணும். தப்பு செஞ்சா கண்டுக்காம விட்டுடணும்."

"கண்டுக்காம விடுறதுக்கு ஒரு படிப்பா? கல்யாணம் ஆனதுலேருந்து நான் அதைத்தான் பண்ணிட்டிருக்கேன். எனக்கு யாரும் சர்ட்டிபிகேட் குடுக்கலையே!"

கடைசியில் ஒரு உடன்பாடு ஏற்பட்டது. பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு நாய். ஒன்றும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. எல்லாவற்றையும் பழக்க ஒரு ஆள் வேண்டுமென்று அங்கே செகரெட்டரி தேடிக்கொண்டிருந்தார். செய்துகாட்டச் சொல்லி மாஸ்டரைக் கூப்பிட்டிருந்தார். அந்த வேலை கிடைத்தால் மாஸ்டர் நாய் மாஸ்டர். கிடைக்காவிட்டால் பழையபடி பக்கத்து சீட்டு. பள்ளி முதலாளி அந்த சீட்டை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

காப்பகத்திலிருந்து ஒரு பழுப்பு நாயைக் கொண்டுவந்து கியர் என்று பெயர் வைத்தார். இடுப்பில் ஒரு பை கட்டி, வேகவைத்த கோழித் துண்டுகளை அதில் நிரப்பிக்கொண்டார். கூடத்தின் ஒரு மூலையில் நாய், மறு மூலையில் மாஸ்டர்.

"கியர், வா கண்ணா. வா."

கியர் கொட்டாவி விடும். மாஸ்டர் பொறுமையாக மறுபடி வாயைத் திறப்பார். அந்த நேரம் பார்த்துத் தையல் அறையிலிருந்து ராகம் வரும்.

"என்னங்க!"

உடனே மாஸ்டர் எழுந்து ஓடுவார். அது கல்யாணப் பழக்கம். கோழி ஓடுகிறதே என்று நாயும் பின்னாலேயே ஓடும்.

"ஊசில நூல் கோத்துக் குடுங்க. கண்ணு தெரியல."

நூலைக் கோத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் கியர் காலடியில் நிற்கும். தேடி வந்த நாய்க்குக் கூலி கொடுக்காவிட்டால் பாவம் என்பது படிப்பு. ஒரு துண்டைப் போடுவார். மூலைக்குத் திரும்பி உட்காருவதற்குள் மறுபடி "என்னங்க!" ஓடிப்போய் நின்றால், "ஒண்ணுமில்ல, போங்க." அதற்கும் ஒரு துண்டு செலவாகும்.

செய்துகாட்ட வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம்தான் அவருக்கு விஷயம் உறைத்தது. "வா" என்றால் நாய்க்கு அது மாஸ்டர் போடும் ஏதோ ஒரு சத்தம். "என்னங்க" என்றால் சாப்பாட்டு மணி!

மனைவியிடம் உதவி கேட்கலாம். கேட்டால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாள். தானே கூப்பிட்டுவிடுவது என்று முடிவு செய்தார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, 'என்ன'வில் ஏறி 'ங்க'வில் இறங்கிப் பழகிப் பார்த்தார்.

"யாரைக் கூப்பிடுறீங்க உள்ளேருந்து?"

"யாரையும் இல்ல. தொண்டை சரியில்ல."

"என் குரல் மாதிரியே இருக்கே!"

"அதான் சரியில்லைன்னு சொல்றேன்."

மறுநாள் கிளம்பும்போது, "வெயிலா இருக்கு, நீ எதுக்கு அலையணும்?" என்று அக்கறையாகச் சொல்லிப் பார்த்தார். "செகரெட்டரி சம்சாரத்துக்குத் தச்ச துணியைக் குடுக்கணும்" என்று அவளும் கூடவே வந்து, வாசல் கேட்டருகே துணிப்பையோடு நின்றுகொண்டாள்.

குடியிருப்பின் முற்றத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் செகரெட்டரி. மீசையைப் பார்த்தாலே சட்டம் தெரியும். பக்கத்தில் அவர் மனைவி. அவள் மடியில், வந்தவர்களையெல்லாம் கடித்துப் பேர் வாங்கிய குட்டி நாய்.

"கியர், வா கண்ணா."

கியர் செகரெட்டரியின் செருப்பை மோந்தது.

"வாடா தங்கம். வா."

செருப்பு முடிந்து தூணுக்குப் போனது. மாஸ்டருடைய வலது கால் இல்லாத பிரேக்கைத் தரையில் தேடி மிதித்தது. பள்ளி முதலாளியின் முகம் கண்முன் வந்து போயிற்று. நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தானே ஆகவேண்டும்? கண்ணை மூடிக்கொண்டார். 'என்ன'வில் ஏறி, 'ங்க'வில் இறங்கினார்.

"என்னங்க!"

"இதோ வந்துட்டேன்!" என்று துள்ளி எழுந்தார் செகரெட்டரி.

பின்வரிசையிலும் நாலைந்து ஆண்கள் எழுந்து நின்றிருந்தார்கள். கியர் மட்டும் அசையவில்லை. கூட்டம் சிரித்த சிரிப்பில் செகரெட்டரி மீசையைத் தடவியபடி உட்கார்ந்தார். மாஸ்டர், பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று காத்திருந்தார். பூமி பிளக்கவில்லை. கேட் பக்கமிருந்து அசல் குரல் வந்தது.

"என்னங்க!"

கியர் பறந்தது. மாஸ்டரும் பறந்தார். நாய் ஒரு மூக்கு முந்தியது.

"உக்காருங்க" என்றாள் மனைவி. மரியாதைக்குச் சொன்னாளா, இரண்டு பேரையும் சேர்த்துச் சொன்னாளா என்று இலக்கணம் படித்தவர்களாலும் சொல்ல முடியாது. இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

கை தட்டல் ஓய வெகுநேரமாயிற்று. சத்தத்தோடு சத்தமாக மாஸ்டர் கேட்டார்.

"வீட்ல சும்மா சும்மா கூப்பிட்டியே, வேணும்னே பண்ணியா?"

"பின்ன? தையக்காரிக்கு ஊசில நூல் கோக்க இன்னொரு ஆள் வேணுமா? படிப்பு படிப்புன்னு நீங்க வாய் கிழியச் சொன்னீங்களே, நிஜமான்னு பாத்தேன். நிஜம்தான்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்களை மறுபடி அந்த சீட்டுக்கு அனுப்ப எனக்கு மட்டும் ஆசையா? தூக்கத்துல பிரேக் பிரேக்னு என் காலைத்தான மிதிக்கிறீங்க."

இத்தனை நாள் இவளைக் குண்டூசி என்று நினைத்தோமே என்று மாஸ்டருக்கு உள்ளே ஒரே நெகிழ்ச்சி. அதற்குள் செகரெட்டரியின் மனைவி நாயும் கையுமாக வந்துவிட்டாள்.

"அக்கா, நாளைக்கே வந்துடுங்க. இங்க இருக்குற எல்லா நாயும் உங்க பொறுப்பு."

"ட்ரெயினர் நான்தாங்க" என்றார் மாஸ்டர், உட்கார்ந்தபடியே.

"நீங்க இருங்க சார். அக்கா, சாரையும் அவசியம் கூட்டிட்டு வாங்க. அவர் ஓடி வர்றதைப் பாத்துதான் நாயும் ஓடி வருது. உங்க சம்பளம் செகரெட்டரி பேசிக்குவார். சாருக்கு என்ன குடுக்கணும்?"

"அவருக்கு ஒண்ணும் வேண்டாம்மா" என்றாள் மாஸ்டரின் மனைவி. "நல்லாப் பழகிட்டா அப்புறம் தீனியே தேவையில்ல. முதுகுல தட்டிக் குடுத்தா போதும்."