சோப்புத்தண்ணி அண்ணனும் துருப் பிடிக்காத மிஷினும்

இந்த உலகத்தில் தண்ணீரை வேலை வாங்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஊர் லாபுவில், எங்கள் வீட்டு வரிசையின் கடைசி வீட்டில் இருக்கிறார். ஒரு வாளித் தண்ணீர் அவர் கையில் சிக்கினால் நாலு விதத் துணியைத் துவைத்து, மோட்டார் சைக்கிளைக் கழுவி, வாழைக்குப் பாய்ந்த பிறகுதான் அதற்கு மண்ணுக்குள் போக அனுமதி கிடைக்கும். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்துவிட்டு இப்போது போய்க் கேட்க வெட்கமாக இருக்கிறது. எங்களுக்கு அவர் சோப்புத்தண்ணி அண்ணன்.

ரப்பர் தோட்டம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, செம்பனையும் பாதி போய் வீடுகள் வந்த இடம் எங்களுடையது. எஸ்டேட் இருந்தவரை அண்ணனுக்குப் பம்பு வீட்டில் வேலை. லயத்து வீடுகளின் குழாய்களுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் திறந்துவிடுவது அவர் கையில் இருந்தது. குழாயடிச் சண்டைகளைக் கிட்டே நின்று பார்த்தவர். அப்படி ஒரு சண்டையில் பறந்த பித்தளைக் குடம் ஒன்று அவர் தலையில் இறங்கியது. தண்ணீர் மேல் அவருக்கு இருக்கும் மரியாதை அந்தக் குடத்தோடு உள்ளே போனதுதான் என்பது என் மனைவியின் கட்சி.

எஸ்டேட் கைமாறியபோது துரை பங்களாச் சாமான்களையெல்லாம் லோரியில் ஏற்றிப் போனார்கள். ஒரு பழைய சலவை மிஷினை மட்டும் யாரும் சீண்டவில்லை. அண்ணன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆறு பேர் தூக்கினோம். நான் தூக்கிய மூலைதான் கீழே விழுந்தது என்று அவர் இன்றைக்கும் சொல்வார். அது உண்மைதான்.

மேலே மூடி திறக்கும் மிஷின். அதற்கு என் வயது இருக்கும், ஆனால் என்னைவிட உருப்படியாக வேலை செய்யும். இந்தக் காலத்து மிஷின்களுக்கு இல்லாத ஒரு குணம் அதற்கு உண்டு. துவைத்து முடித்ததும் சோப்புத்தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்பாமல், குழாய் வழியாகப் பக்கத்தில் இருக்கும் சிமெண்டுத் தொட்டியில் பத்திரமாக விட்டுவிடும். அழுக்கு அடியில் தங்கும். அடுத்த துணியைப் போட்டுக் குமிழைத் திருப்பினால், அடியில் ஓர் அங்குலத்தை விட்டுவிட்டு மேலே இருக்கும் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஒரே சோப்பு, ஒரே தண்ணீர், நாலு சலவை.

ஆனால் வரிசை தப்பக்கூடாது. மிஷினுக்கு மேலே ஒரு பலகையில் அண்ணன் சாக்கட்டியால் எழுதி மாட்டியிருந்தார்: வெள்ளை. அப்புறம் கலர். அப்புறம் வேலைத் துணி. கடைசியில் கால்மிதி. குழாயில் தண்ணீர் நிற்கும் நாட்களில் வரிசை வீடுகள் எல்லாம் துணியோடு அங்கேதான் போகும். கூலி வாங்கமாட்டார். கேள்வி மட்டும் கேட்பார். வெள்ளைத் துணி மூட்டையில் ஒரு கறுப்புக் காலுறை ஒளிந்திருந்ததற்காக ஒரு மாப்பிள்ளையை மூட்டையோடு திருப்பி அனுப்பியவர். அந்த மாப்பிள்ளை அப்புறம் மாமனார் வீட்டுக்கு வந்தாலே காலுறை இல்லாமல்தான் வருவார்.

இப்படிப்பட்டவரின் அண்டை வீட்டில் இருந்துகொண்டு நான் ஒரு புது மிஷின் வாங்கினேன். முன்பக்கம் கண்ணாடிக் கதவு. தண்ணீர் சிக்கனம் என்று நெற்றியில் நாலு நட்சத்திரம். கைபேசியோடு பேசும். முதல் நாள் என் மனைவி கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, துணி துவைக்கிறதா, தீர்த்தம் தெளிக்கிறதா என்று கேட்டாள். பெருமை தாங்காமல் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முக்காலி போட்டு அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு சலவை முழுவதும் பார்ப்பதாகத்தான் இருந்தார். முதல் சோப்புத்தண்ணீர் சாக்கடைக்கு ஓடிய சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டார்.

"ஒரே ஒரு வாட்டி துணியத் தொட்ட தண்ணி, தம்பி. அதுக்குள்ள அனுப்பிட்டியேலா" என்று சொல்லிவிட்டு, துக்க வீட்டில் இருந்து போகிறவர்போலச் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய கதைக்கு வருகிறேன். என் மனைவி ரெம்பாவ் பக்கம் ஓர் அரசாங்க கிளினிக்கில் தாதி. எஸ்டேட் வழக்கில் மிஸ்ஸி. முப்பது வருஷத்துக்கு மேல் வெள்ளைச் சீருடை போட்டவளுக்கு அந்தத் திங்கட்கிழமை கடைசி வேலை நாள். கேக் உண்டு, படம் எடுப்பார்கள், பட்டுப்புடவையில் வாருங்கள் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அவள் கேட்கவில்லை. முதல் நாள் எதைப் போட்டுக்கொண்டு போனேனோ, கடைசி நாளும் அதைத்தான் போடுவேன் என்றாள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் அவள் பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இருந்தது மூன்று சீருடை. மூன்றும் அழுக்கு, ஞாயிற்றுக்கிழமை துவைப்பதாக இருந்தாள்.

சனிக்கிழமை எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்தது. நான் பால்குடம் எடுத்தேன். மஞ்சள் நீராட்டில் மச்சினன்மார் குடம் குடமாக என் மேல் ஊற்றினார்கள். ஞாயிறு காலையில் குழாயைத் திறந்தால் காற்று வந்தது. என் நாலு நட்சத்திர மிஷின் சோகமாக ஒரு பாட்டுப் பாடிவிட்டு, தண்ணீர் இல்லை என்று என் கைபேசிக்குச் செய்தி அனுப்பியது. அதே வீட்டில் நின்றுகொண்டிருந்த எனக்கு அது தெரியாதா?

சீருடைகளோடு அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். மிஸ்ஸியின் கடைசி நாள் என்றதும் அவர் வேறு பேச்சே பேசவில்லை. அவரிடம் மூன்று டிரம் மழைத்தண்ணீர் இருந்தது. முதல் டிரம்மைத் தானே மிஷினில் ஊற்றிச் சோப்பைக் கலந்தார். அதற்குள் தண்ணி லோரி முச்சந்தியில் நிற்கிறது என்று சத்தம் கேட்டது. வரிசை வீடுகள் எல்லாம் வாளியோடு ஓடின. அண்ணனும் கிளம்பினார். போகும்போது, வெள்ளையைப் போடு, வேறு எதையும் தொடாதே என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

என் பையில் பால்குட வேட்டியும் இருந்தது. இங்கேதான் என் பக்தி வேலை செய்தது. சாமிக்குக் கட்டிய துணியை, மனுஷர் துணி துவைத்த தண்ணீரில் போடலாமா? கூடாது. சாமித் துணிக்குத்தான் முதல் தண்ணீர். அதற்கப்புறம் வெள்ளை. பலகையில் சாமித் துணி என்று எதுவும் எழுதவில்லையே என்று சட்டமும் பேசிக்கொண்டேன். ஒற்றை வேட்டியை மிஷின் நிறையத் தண்ணீரில் போட்டுச் சுற்றவிட்டேன். சோப்புத்தண்ணீர் ஒழுங்காகச் சிமெண்டுத் தொட்டிக்குப் போனது. தொட்டியைப் பலகை போட்டு மூடியிருந்ததால் நான் உள்ளே பார்க்கவில்லை. வேட்டி கொஞ்சம் சிவந்து வெளியே வந்தது. அம்மன் அருள் என்று நினைத்து வேலியில் காயப்போட்டேன். பிறகு சீருடைகளைப் போட்டுக் குமிழைத் திருப்பிவிட்டு, முகநூலில் போட்ட பால்குடப் படத்தை யார் யார் விரும்பியிருக்கிறார்கள் என்று கைபேசியில் பார்க்க உட்கார்ந்தேன். மச்சினன் ஒருவன் மட்டும் இன்னும் விரும்பவில்லை.

அண்ணன் திரும்பி வந்து மூடியைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். என் மனைவியின் முப்பது வருஷமும் ஆரத்தித் தட்டு நிறத்தில் மிதந்துகொண்டிருந்தது.

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்று எனக்குத் தெரியும். கல்யாணத்தில் எனக்கே ஆரத்தி எடுத்திருக்கிறார்கள். சோப்புக்கும் அதே புத்திதான் என்று அப்போது உறைக்கவில்லை. அண்ணன் மிஷினைப் பார்த்தார், தொட்டிப் பலகையைத் தூக்கிப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். வேட்டியை உருவி ஒரு வாளியில் போட்டு மூடினார். அந்த நேரம் பார்த்து என் மனைவி வாசலில் வந்து நின்றாள். பின்னாலேயே தண்ணீர் வாளிகளோடு நாலைந்து பெண்கள்.

அவள் தன் சீருடையைப் பார்த்தாள். முகம் போன போக்கை நான் எழுத விரும்பவில்லை. அண்ணன்தான் பேசினார்.

"மிஸ்ஸி, தம்பி மேல தப்பு இல்லம்மா. மிஷினுதான். பழசு இல்லயா, உள்ளுக்குத் துருப் புடிச்சிருக்கு. கறை விட்டுருச்சு."

அந்த மிஷினை யாராவது பழசு என்று சொன்னால் மூன்று நாள் பேசாதவர் அவர். அவர் வாயால் அதைச் சொன்னார். நான் மரம் மாதிரி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்து என்னைக் கோயிலுக்கு விரட்டினார், எலுமிச்சம்பழம் கொண்டுவரச் சொல்லி. எதற்கு இத்தனை என்று பூசாரி கேட்டார். பரிகாரம் என்றேன், அதில் பொய் ஒன்றும் இல்லை. எலுமிச்சைத் தண்ணீரில் முக்கியதும் சிவப்பு மஞ்சளாக இறங்கியது. மறுபடி சோப்பு, மறுபடி அலசல், மறுபடி எலுமிச்சை. ஆறு தடவை தண்ணீர் மாற்றினார். சாயத் தண்ணீரை எதற்கும் திருப்பிப் பயன்படுத்த முடியாது. மீதி இருந்த இரண்டு டிரம் மழைத்தண்ணீரும், முச்சந்தியில் வரிசையில் நின்று பிடித்துவந்த தண்ணீரும் நேராகச் சாக்கடைக்குப் போயின. ஒவ்வொரு தடவை கவிழ்க்கும்போதும் அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். மதியம் முழுக்கச் சீருடைகளை வெயிலில் புரட்டிப் புரட்டிப் போட்டார். வெயில் மஞ்சளைத் தின்றுவிடும் என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். சாயங்காலம் ஒரு சீருடை தேறியது. வெள்ளை என்று சத்தியம் பண்ண முடியாது, ஆனால் வெள்ளைதான்.

திங்கட்கிழமை அவள் அதைப் போட்டுக்கொண்டு போனாள். கேக்கோடு எடுத்த படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவேண்டி இருக்காது. வாளியோடு நின்ற பெண்கள் துரு என்ற சொல்லை வரிசை முழுக்கக் கொண்டுபோனார்கள். அடுத்த முறை தண்ணீர் நின்றபோது அண்ணன் வீட்டுக்குத் துணி வரவில்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. அவர் பலகையில் எழுத்தைப் புதுப்பித்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, கடைக்குச் சுற்றுவழியில் போக ஆரம்பித்தேன். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்துக்கு மூன்று வருஷமாகத் தைரியம் வரவில்லை. என்னைக் காப்பாற்றியவர் மிஷினோடு தனியாக உட்கார்ந்திருந்தார், நான் பால்குடம் எடுத்த பக்தனாகவே நடமாடிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் மறுபடி தண்ணீர் நிற்கப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. அண்ணனிடம் போகலாமே என்று எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். அந்தத் துரு மிஷினா, வேண்டாம்லா என்றாள். நேராக வீட்டுக்கு வந்தேன். மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"வீட்டுல இருந்து மஞ்சளா போன வேட்டி செவப்பா திரும்பி வந்துச்சு. எனக்குத் தெரியாதாக்கும்?"

தெரிந்துமா சும்மா இருந்தாய் என்று கேட்டேன்.

"அந்த மிஷின ஒரு சொல்லு சொல்ல விடமாட்டாரு அந்த அண்ணன். அவரே அத துருன்னு சொன்னாருன்னா, எவ்ளோ கஷ்டப்பட்டு வந்துருக்கும் அந்தப் பொய்யி? வீணாக்க மனசு வரல. ஊருக்கு நீங்களா சொல்லிருவீங்கன்னு பாத்தேன். ஒரு வாரத்துல சொல்வீங்கன்னு நெனைச்சேன், மூணு வருசம் ஆச்சு."

ஆகவே எங்கள் வரிசை வீட்டார் எல்லாரும் வாங்கிப் படிக்கும் இந்தப் பத்திரிகையிலேயே எழுதிவிடுகிறேன். அந்த மிஷினில் துரு இல்லை, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. துரு என்னிடம்தான் இருந்தது.

அண்ணே, ஞாயிற்றுக்கிழமை துணியோடு வருகிறேன். வெள்ளை மட்டும்தான் கொண்டுவருவேன். என் நாலு நட்சத்திர மிஷின் வீட்டில் சும்மா இருக்கட்டும். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நாலு சலவையும் முடியும்வரை பார்க்கவேண்டும் எனக்கு.