நூற்று நாலு டிகிரி

"ஜாம் இறக்கறதுக்கு நூத்தி நாலு டிகிரி வரணும்," என்றாள் மனைவி பிரோஷ்கா. "அதுக்குத்தான் பக்கத்து வீட்டு எடெல்கா அக்கா உங்க தெர்மாமீட்டரைக் கேட்டாங்க. நீங்க கிணத்தை அளந்தீங்களே, அன்னிக்கு."

லோரான்ட் கடித்த ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

அவர் நிலவியலாளர். எண்ணெய் தேடித் தோண்டி, கிடைக்காமல் கைவிட்ட ஊர்க் கிணற்றின் அடிச்சூட்டை அளந்து, எல்லோரும் பார்க்கும் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றியிருந்தார். அதுவும் நூற்று நாலுதான். அந்த எண்ணை நம்பித்தான் வெந்நீர்க் கம்பெனி ஒன்று கிணற்றின் சூட்டால் பள்ளிக்கூடத்தையும் தக்காளிக் கூடாரங்களையும் சூடாக்கித் தருவதாக வந்திருந்தது.

அவருடைய வெப்பமானி காய்ச்சல் பார்ப்பது மாதிரி. ஏறிய பாதரசம் உதறினால்தான் இறங்கும். கிணற்றுக்குள் விடுமுன் உதறினோமா? அந்த நேரம் பார்த்து ஊர்த்தலைவர் பாலிங்கா என்ற பழச்சாராயத்தை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. ஜாமைக் காலையில்தானே காய்ச்சுவார்கள்? அப்படியானால் தான் அளந்தது பூமியின் சூட்டை அல்ல, எடெல்காவின் ஆப்ரிகாட்டை.

எடெல்காவிடம் கேட்கலாம். கேட்டால் மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். சத்தமில்லாமல் மறுபடி அளந்துவிடுவது என்று கிளம்பினார்.

கிணற்றின் வாய் சிமெண்டால் மூடப்பட்டு, நடுவில் கொடிக்கம்பம் நின்றது.

"திறப்பு விழாவுக்கு, தம்பி," என்றார் ஊர்த்தலைவர் பெருமையாக. "கம்பெனிக்காரன் வந்தா உடைச்சுக்கட்டும். அதான் நீ அளந்துட்டியே."

வீட்டுக்கு வந்து, எண்ணுக்குப் பக்கத்தில் 'சந்தேகத்துக்குரியது' என்று மட்டும் சேர்த்தார். மறுநாளே கம்பெனியிலிருந்து போன். அப்படியென்றால் உண்மையில் எவ்வளவுதான் இருக்கும் என்று கேட்டார்கள். கூட்டிச் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில் அறுபது என்றார். அதற்கும் ஆதாரம் இல்லையே என்று அன்றிரவு மனசு அரித்தது. காலையில் பதிவையே நீக்கிவிட்டார்.

கம்பெனி பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. அங்கே எண்பதுதான். ஆனால் அங்கே அளந்தவருக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை.

பனிக்காலம் வந்தது. பிள்ளைகள் வகுப்பில் கோட்டைக் கழற்றாமல் எழுதினார்கள். லோரான்டின் மகள் கையுறையோடு எழுதிய வீட்டுப்பாடத்தை அவராலேயே படிக்க முடியவில்லை. ஊர்த்தலைவர் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனார். பொய்யான எண்ணை ஊர் தலையில் கட்டவில்லை என்ற ஒரே ஆறுதலைத்தான் அவர் ராத்திரியெல்லாம் கட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எடெல்கா ஜாம் பாட்டிலோடு வந்தாள். ரொட்டியில் ஊற்றினாள். ஊற்றத்தான் முடிந்தது. அது விளிம்பில் வழிந்து லோரான்டின் சட்டையில் சொட்டியது.

"இந்த வருஷம் இப்படித் தண்ணியாப் போச்சு, தம்பி," என்றாள். "காலையிலயே காய்ச்சலாம்னு வந்தேன், நீங்க தெர்மாமீட்டரோட கிணத்துக்குப் போயிருந்தீங்க. சாயங்காலம்தான் கையில கெடச்சுது. சட்டியில வச்ச உடனேயே நூத்தி நாலுல நிக்குது. நானும் அதை நம்பி இறக்கிட்டேன்."