சைலோவுக்கு மூன்று தட்டு

கூச்சம் பிடித்தவனுக்குப் பேயைக் கண்டு வரும் பயத்தைவிட, பேய்க்குப் பயப்படுகிறான் என்று நாலு பேருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் ஜாஸ்தி. நான் அந்த ரகம்.

வேங்கிக்கால் தாண்டி ஒரு அரிசி மில்லில் எனக்கு வேலை. நெல் சேமிக்கும் சைலோ நாலு மாடி உயரத்துக்குத் தகரத்தில் நிற்கும். அடிக்கதவைத் திறந்து நெல் இறக்குவது என் பொறுப்பு. இறங்கும்போது உள்ளே யாரோ வயிற்றுவலியில் முனகுவது போல 'ம்ம்ம்' என்று கேட்கும். சுள்ளென்று வெயில் அடிக்கிற பட்டப்பகலிலும் முதுகு சில்லிடும். அதனால், கோயிலில் சண்டிகேஸ்வரர் முன்னால் கையைத் தட்டிக் காட்டுவோமே, அதுபோல யாரும் பார்க்காதபோது தகரத்தில் மூன்று தட்டு தட்டுவேன். (நான் எதையும் எடுத்துப் போகவில்லை, சாமி!) அப்புறம்தான் கதவு.

நெல் இறங்குவதைக் கம்ப்யூட்டரில் அப்படியே செய்து காட்ட சென்னையிலிருந்து கவிதா மேடம் வந்தார். திரையில் ஒவ்வொரு நெல்லும் ஒரு வண்ண உருண்டை. கொஞ்சம் இறங்கியதும் உருண்டைகள் ஒன்றையொன்று முட்டி, வளைவு கட்டி நின்றுவிடும். நிஜ சைலோவிலோ நெல் ஒருநாளும் நின்றதில்லை.

"கணக்கு தப்புன்னா என் வேலையே போயிடும்ணா," என்றார். "தகரத்துல நான் ஒட்டின கருவியில, தினமும் கதவு திறக்கறதுக்கு முன்ன மூணு அதிர்வு பதிவாகுது. என்னன்னே புரியல."

எனக்குப் புரிந்தது. சொல்லத்தான் கூச்சம்.

முதலாளி முன்னால் சோதனை. அத்தனை பேர் பார்க்க எப்படித் தட்டுவது? தட்டாமலே திறந்தேன். 'ம்ம்ம்...' முனகல் பாதியில் நின்றது. நெல்லும் நின்றது. திரையில் உருண்டைகள் நின்ற அதே நேரம். ஒரு காக்காகூடக் கத்தவில்லை. உள்ளே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்ப்பது போல இருந்தது.

என் கால்கள் என்னைக் கேட்காமலே ஓடின. தகரத்தில் மூன்று தட்டு. "நான் ஒண்ணும் எடுக்கல சாமி! சாப்பாடுகூட வீட்டுலேர்ந்துதான் எடுத்தாறேன்!"

நெல் இடி மாதிரி விழுந்தது. முதலாளி ஆபீசுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

மேடம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "நீங்க தட்டறதுல வளைவு உடைஞ்சிடுது. அவ்ளோதான்ணா. பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல." என் மூன்று தட்டையும் கணக்கில் ஏற்றினார். திரையிலும் நெல் நிற்காமல் இறங்கியது. அவர் வேலை தப்பியது.

"தினமும் நீங்கதானே தட்டுனீங்க?"

"போன செவ்வாக்கிழம மட்டும் நான் லீவு மேடம். கூட வேலை பாக்கற மாணிக்கம்தான் கதவத் திறந்தான். அவனுக்குத் தட்டற பழக்கம் இல்ல."

அவர் திரையை மெதுவாக என் பக்கம் திருப்பினார். செவ்வாய்க்கிழமை. மூன்று அதிர்வு.

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

இன்றும் எங்கள் வீட்டுக் கதவை யாராவது மூன்று முறை தட்டினால், என் மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்: "உங்க சைலோ வந்திருக்குது, போய்த் தொறங்க!" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கதவை மட்டும் அவள்தான் வந்து திறக்க வேண்டும்.