வெளிச்சம் பார்ப்பவர்

ஆம்ப்ரோஸ் அண்ணன் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் நிமிர்ந்து கூரையைப் பார்ப்பார். கல்யாண வீடோ துக்க வீடோ, அவருக்கு ஒன்றுதான். கண்ணைச் சுருக்கி விளக்கை அளந்து, "மஞ்சள் ஜாஸ்தி" என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். பல வருடங்களாகப் பார்க்கிறேன். ஒரு வீட்டு விளக்கும் அவரிடம் பாஸானதில்லை.

இந்த இனத்துக்கு 'வெளிச்சம் பார்ப்பவர்' என்று பெயர் வைக்கிறேன். பெண் பார்ப்பவர்களில் சிலர் ஊரெல்லாம் பார்த்துவிட்டு யாரையும் முடிக்க மாட்டார்கள் அல்லவா? அதே ரகம். உங்களுக்குத் தெரிந்தவர் விளக்குக்குப் பதிலாகக் காற்றாடியோ காரோ பார்ப்பவராக இருக்கலாம். இனம் ஒன்றுதான்.

சிங்கப்பூர் பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி ப்ளாக்கிலேயே அண்ணன் வீடு. கூடத்தில் சோபா இருந்த இடத்தில் இப்போது ஆளுயர நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் கடல்நீர், பாறை, உயிருள்ள பவளம், கோடு போட்ட மீன்கள். காற்றாடிகூடத் தொட்டிப் பக்கம்தான் திரும்பியிருக்கும். தண்ணீர் சூடாகக் கூடாதாம். மனிதர்கள் வேர்த்துக்கொள்ளலாம். அண்ணனின் மனைவி பிரிஜட் அக்காவின் தையல் மெஷின் அடுப்படிக்குப் போய்விட்டது. அங்கே இருக்கும் ஒற்றை டியூப், எரிவதா அணைவதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. வீட்டுத் தலைவர் எவ்வழியோ, அதுவும் அவ்வழி.

"ஏங்க, இந்த டியூப மாத்துங்களேன். ஊசியில நூல் கோக்க முடியல."

"இரு பிரிஜட். பவளம் உயிருள்ளது. முதல்ல அதுக்கு வெளிச்சம் பாக்கணும்."

அக்காவும் உயிருள்ளவர்தான் என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அக்கா தானே ஒரு டியூப் வாங்கி வந்தார். "விசாரிக்காம வாங்கிட்டியே!" என்று அண்ணன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தேக்காவில் ரவூப் பாயின் மின்சாமான் கடை. ஒவ்வொரு விளக்காகப் போடச் சொல்லி, அடியில் உள்ளங்கையை நீட்டி, திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"கைரேகை பாக்க வந்தீங்களா, லைட்டு வாங்க வந்தீங்களா? சொல்லிட்டுச் செய்ங்க லா."

"பாய், இதுல கடல் வெளிச்சம் வருமா?"

"கரண்டு வெளிச்சம்தான் வரும்."

அண்ணன் வீட்டில் மீன்தொட்டி பற்றிய ஒரு ஜெர்மன் பத்திரிகை இருந்தது. அண்ணனுக்கு ஜெர்மன் தெரியாது. அதனால்தான் அதன்மேல் அத்தனை மரியாதை. அதைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் என்னிடம் வந்தார்.

"தம்பி, நீ யூனிவர்சிட்டி போனவன். நீலம் எவ்வளவு வேணும், வெள்ளை எவ்வளவு வேணும்?"

நான் படித்தது வரலாறு. ஆனால் எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி 'தெரியாது' என்று சொல்ல முடியுமா? பட்டத்துக்கு என்ன மரியாதை? "நீலம் கொஞ்சம் கூட இருக்கலாம்ணே" என்றேன்.

கூடவே இருந்தது. தொட்டிக்கு வந்த விளக்குகள் எல்லாமே நீலம். கூடத்து விளக்கை அணைத்துவிட்டார். வேறு வெளிச்சம் கலந்தால் கெட்டுவிடுமாம். போய் உட்கார்ந்தால் எதிரே இருப்பவரின் பல்லும் பனியனும் மட்டும் மிதந்து வரும்.

அந்த மாதம்தான் அக்காவுக்கு மாதா கோயிலிலிருந்து முதல் ஆர்டர் கிடைத்தது. புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் சிறுமிகளுக்கு வெள்ளைச் சட்டைகள். இது நன்றாக அமைந்தால் பாடகர் குழுவின் உடைகளும் அவருக்கே. தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வீட்டோடு தைக்கலாம் என்று அக்கா ரகசியமாகக் கணக்குப் போட்டிருந்தார். பகலெல்லாம் தொழிற்சாலை என்பதால் தையல் மாலையில்தான். மெஷினைத் தொட்டி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்தத் தொட்டியால முதல் தடவையா எனக்கு ஒரு பிரயோஜனம்."

"கொஞ்சம் தள்ளி உக்காரு. மீன் பயப்படுது."

தைத்து, மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தாயிற்று.

ஞாயிறு காலை. சிறுமிகள் வரிசையாகக் கோயிலுக்குள் வருகிறார்கள். ஜன்னல் வெயில் அவர்கள்மேல் விழுகிறது. பார்த்தால், வெள்ளைச் சட்டை முழுக்க வெளிர்நீலத் தையல்! அக்கா தனக்கு மாதா சபைச் சீருடை தைத்து மிஞ்சிய நூல் அது. நீல வெளிச்சத்தில் வெள்ளை நூலும் அதுவும் ஒன்றுபோலவே இருந்திருக்கின்றன.

மாதா சபைத் தலைவி பிலோமினம்மாள் அக்காவின் காதருகே குனிந்தார். "என்ன பிரிஜட், புதுநன்மைக்கு ஏர்மெயில் கவரா தச்சிருக்க?"

அக்கா கணவரைப் பார்த்தார். அண்ணன் நிமிர்ந்து கோயில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தையல்ல குத்தம் இல்லங்க. இங்க லைட்டு சரியில்ல. மஞ்சள் ஜாஸ்தி."

பாடகர் குழுவின் உடைகள் வேறொருவருக்குப் போயின. அக்கா சட்டைகளைத் திரும்ப வாங்கி, வீட்டு வாசலில் பொது நடைபாதை வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு நீல நூலாகப் பிரித்து மறுபடி தைத்தார். திங்கட்கிழமை வழக்கம்போலத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினார்.

பவளம் என்னவாயிற்று என்கிறீர்களா? பட்டுப்போய் வெளுத்துவிட்டது. அப்பழுக்கில்லாத வெள்ளை. அந்தச் சட்டைகள் அப்படி இருந்திருக்கலாம். "தம்பிதான் நீலம் சொன்னான்" என்று அண்ணன் ப்ளாக் முழுக்கச் சொல்லிவிட்டு, இப்போது மெட்டல் ஹாலைட் விளக்கு விசாரித்துக்கொண்டிருக்கிறார். ரவூப் பாய் அவரைக் கண்டாலே ஸ்விட்சை மறைத்துக்கொண்டு நிற்கிறார்.

போன வாரம் கேட்டேன். "அண்ணே, அடுப்படி டியூப்?"

"அட, அது சாதா டியூப் தம்பி. எப்ப வேணா மாத்தலாம்."

இதைப் படிக்கும்போது நீங்கள் ஒருமுறையாவது நிமிர்ந்து உங்கள் வீட்டு விளக்கைப் பார்த்தீர்களா? இல்லை என்றால் சந்தோஷம். ஆனால் அவசரப்பட்டுச் சிரித்துவிடாதீர்கள். 'எப்ப வேணா' என்று நீங்களும் யாருக்கோ ஒன்று சொல்லியிருப்பீர்கள். அவர் அதை மறந்திருக்க மாட்டார். பிரிஜட் அக்காவின் அடுப்படியில் அது இன்னும் விட்டுவிட்டு எரிகிறது.