காமாட்சி பக்கம் திரும்பிய கழுத்து

ஓரிக்கையில் எழுந்தருளியிருந்த கைலாச சுவாமிகளின் திருநீற்றை உண்டால் கழுத்து தானாகவே காமாட்சியம்மன் கோயிலை நோக்கித் திரும்பும் என்ற செய்தி காஞ்சிபுரம் முழுவதும் பரவியது. இந்நகரத்துச் சிவன் கோயில்களில் அம்மனுக்குத் தனிச் சன்னதி இல்லை. அனைவருக்கும் காமாட்சி ஒருத்திதான். ஆகவே கழுத்து வேறெங்கே திரும்பும்? இவ்வரிய தர்க்கத்தில் மயங்கி மக்கள் ஆட்டோக்களில் வந்து குவிந்தனர்.

பெரிய காஞ்சிபுரத்து நெசவாளர் குமரகுருவின் காதுகளில் சில மாதங்களாக யாரோ பேசும் குரல்கள் கேட்டன. மருத்துவரிடம் போனால் தெருவார் பைத்தியம் என்பார்கள். சாமியாரிடம் போனால் பக்தர் என்பார்கள். மனைவி ஏலவார்குழலி பக்தரையே தேர்ந்தெடுத்தார். காணிக்கையாகச் சுவாமிகள் கேட்டது, தறியில் முக்கால் பாகம் முடிந்திருந்த பட்டுச் சேலையை.

குமரகுரு முக்காலியில் கிழக்கு நோக்கி அமர்ந்து நாள்தோறும் திருநீறு உண்டார். மூன்றாம் நாள் கழுத்து இடப்புறம், அதாவது காமாட்சி கோயில் இருக்கும் வடக்கே, முறுக்கிக்கொண்டது. விழிகள் மேலே செருகின. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"ஆத்தா கூப்ட்டுட்டா," என்றார் சுவாமிகள்.

குமரகுருவின் நாக்கு விறைத்து மூச்சுத் திணறுவதை ஒருவர் மட்டுமே கவனித்தார். அவர் துணைக்கு வந்திருந்த ஏலவார்குழலியின் பள்ளித் தோழி எஸ்தர், செவிலியர். அவர் முக்காலியைக் குமரகுருவோடு சேர்த்து மேற்கு நோக்கித் திருப்பினார். கழுத்து அப்போதும் இடப்புறமே நின்றது. இம்முறை அது பயபக்தியுடன் நோக்கியது, சுவாமிகளின் கழிவறையை.

"ஆத்தா இப்ப அங்க போய்ட்டாளா சாமி?" என்று கேட்டார் எஸ்தர்.

"அவ எங்கயும் இருக்குறாம்மா."

"அப்ப ஒரு கரண்டி துண்ணூற நீயே வாயில போட்டுக்கோ. உன் கழுத்து எங்க போவுதுன்னு பாப்போம்."

சுவாமிகளுக்குத் திடீரென்று விரதம் நினைவுக்கு வந்தது.

எஸ்தர் அவருடைய ஆசன விரிப்பை உருவினார். காலி மாத்திரை அட்டைகள் சிதறின.

"மனநோய்க்குக் குடுக்குற மாத்திர இது. பொடி பண்ணிக் கலந்துக்கினு இருந்திருக்கான். இத சாப்ட்டு இதே கழுத்தோட எங்க வார்டுக்கு வந்தவங்கள பாத்திருக்கேன், குழலி. விட்டா மூச்சே அடச்சுடும். ஆட்டோவ கூப்டு."

மருத்துவமனையில் போட்ட ஓர் ஊசியில், அரை மணி நேரத்துக்குள் கழுத்து நேரானது. காதுக்குள் கேட்கும் குரல்களுக்கும் மருந்து உண்டு. அதை அளவறிந்து, நோயாளியிடம் சொல்லி, கண்காணித்துக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார். சேலை தறியை விட்டு இறங்கவில்லை. காவலர்கள் அழைத்துச் சென்ற சுவாமிகளுக்கு அது தேவைப்படவும் இல்லை.

மறுநாளும் ஓரிக்கையில் கூட்டம் குறையவில்லை. அம்மனையே திசை மாற்றிய முக்காலி என்று, அதற்கு மஞ்சள் குங்குமம் பூசி வலம் வந்துகொண்டிருந்தார்கள். குமரகுருவின் கழுத்தை நேராக்க ஓர் ஊசி போதுமானதாக இருந்தது. முக்காலியைச் சுற்றுகிறவர்களுக்கு எத்தனை ஊசி தேவைப்படும் என்பதை, அன்பர்களே, சுற்றுவதைச் சற்று நிறுத்திவிட்டு நீங்களே சிந்தித்துச் சொல்லுங்கள்.