அவரைப் பந்தலில் மஞ்சள் பொட்டு

ஒரு காட்டில் அவரை காய்த்தது. தானாகக் காய்த்ததல்ல. மிருகங்கள் எல்லாம் கூட்டம் போட்டு, கூட்டத்தில் சண்டை போட்டு, கடைசியில் யானை சொல்கிறதே என்று ஒத்துக்கொண்டு, மூங்கில் பந்தல் கட்டி வளர்த்த அவரை. கொத்துக் கொத்தாகத் தொங்கிய காய்களைப் பார்த்துவிட்டு, சண்டை போட்டவர்களே 'அப்பவே நான் சொன்னேன்ல' என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

அந்தப் பந்தலில் வடிவு என்று ஒரு கவசப்பூச்சி குடியிருந்தாள். கேடயத்தைக் கவிழ்த்து வைத்தது போல முதுகு. தோளுக்கு இரண்டு பக்கமும் முள். வாய் இருக்க வேண்டிய இடத்தில் நீளமாக ஓர் ஊசி. பயந்துவிட்டால் நாற்றம் விடுகிற இனம் என்பதால் இவர்களை நாற்றப்பூச்சி என்றும் சொல்வார்கள், முகத்துக்கு நேராக இல்லை.

வடிவு புழு தின்பவள். காயைத் துளைத்து உள்ளே போகிற கொழுத்த பச்சைப் புழு கண்ணில் பட்டால் போதும், மெதுவாக நடந்து போய் ஊசியைச் செருகிவிடுவாள். கொஞ்ச நேரத்தில் புழு காலிப் பையாகிக் காற்றில் ஆடும். பந்தலைக் காப்பாற்றுகிறோம் என்ற எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை. பசித்தது, தின்றாள்.

எதிர் இலையில் மரகதலிங்கம் இருந்தான். அவனும் நாற்றப்பூச்சிதான். அதே கேடயம், அதே ஊசி. ஆனால் உடம்பு முழுக்கத் தளிர்ப் பச்சை, முள் கிடையாது. அவன் காயின் மேல் உட்கார்ந்து, ஊசியை உள்ளே இறக்கி, பருப்பின் பாலை உறிஞ்சுவான். உறிஞ்சிய இடத்தில் ஒரு புள்ளி கூடத் தெரியாது. காய் வெளியே பளபளவென்று தொங்கும், உள்ளே பருப்பு சுருங்கிச் சருகாகிக் கிடக்கும்.

"சாப்பிட்டாச்சாக்கா?" என்பான் தினமும்.

"ஆச்சுப்பா. நீ?"

"நமக்கென்னக்கா, ஏதோ ஒரு வாய்" என்று ஊசியை மடக்கி மார்புக்குக் கீழே வைத்துக்கொள்வான். அப்படி வைத்துக்கொண்டால் பூஜையில் உட்கார்ந்திருப்பவன் போலவே இருக்கும்.

இப்படி இருக்கையில் ஒரு முயல் ஆசையாக ஒரு காயைப் பறித்து உரித்தது. உள்ளே ஒன்றுமில்லை. இன்னொன்றை உரித்தது. அதுவும் அப்படியே. "இது காயா, காத்தடைச்ச பையா?" என்று முயல் போட்ட கூச்சலில் காடே திரண்டது.

யானை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, காது இரண்டையும் ஒருமுறை விசிறிவிட்டு உத்தரவு போட்டது. பந்தலில் உள்ள பூச்சிகள் எல்லாம் புற்றடிக்கு வர வேண்டும். ஓணான் அதிகாரி விசாரிப்பார். பயிருக்கு நல்லது செய்கிறவர்களுக்கு முதுகில் ஆவாரம்பூ மஞ்சளில் ஒரு பொட்டு வைக்கப்படும். பொட்டு இல்லாதவர்களை மறுநாள் காலையில் கௌதாரிகள் வந்து கொத்திக்கொண்டு போகும், முட்டையோடு சேர்த்து.

வடிவு தன் இலைக்கு ஓடினாள். போன வாரம்தான் இலைக்கு அடியில் முட்டை வைத்திருந்தாள். மூடி போட்ட சின்னச் சின்னக் குடங்களை அடுக்கி வைத்தது போல வரிசையாக இருந்தன. அவற்றைத் தனியே விட்டுவிட்டு அவள் இதுவரை ஓர் இலை தாண்டியதில்லை.

"ஒரு எட்டு போய்ட்டு வந்துடறேன், யாரும் அசையாதீங்க" என்று முட்டைகளிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள்.

புற்றடியில் வரிசை பாம்பு போல வளைந்து கிடந்தது. வெயில் ஏற ஏற வரிசை வளர்ந்ததே தவிர நகரவில்லை. தேனீ ஒன்று, "எனக்கு வேலை இருக்குய்யா" என்று கத்திக்கொண்டே நின்றது. பொறிவண்டு ஒன்று நின்றபடியே தூங்கியது. அதற்கும் பின்னால் வடிவு, கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள்.

அப்போது மரகதலிங்கம் வந்தான். வரிசையைப் பார்த்தான். கடைசியில் போய் நின்றுகொண்டு, மெல்ல ஒருமுறை மூச்சை இழுத்து விட்டான். விட்டது மூச்சை மட்டுமில்லை. அழுகிய கொத்தமல்லியும் ஈரத் துணியும் சேர்ந்தது போல ஒரு நாற்றம் கிளம்பியது. முன்னால் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு பக்கமும் சிதறினார்கள். அவன் நடுவே தெரிந்த பாதையில், "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று பணிவாகச் சொல்லிக்கொண்டே நடந்து முன்னால் போய்விட்டான்.

ஓணான் அதிகாரி புற்றின் மேல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு குரங்கு. அருவிக்கு வந்த யாரோ தவறவிட்ட கைப்பேசி அதன் கையில் இருந்தது. எந்தப் பூச்சியைக் காட்டினாலும் அது என்னவென்று சொல்லிவிடும் என்பது குரங்கின் பேச்சு.

குரங்கு மரகதலிங்கத்தைப் படம் பிடித்தது. "இலைன்னு வருது" என்றது.

"இலைன்னா நம்ம ஆளுதான்" என்றது ஓணான். "என்ன சாப்பிடுவீங்க?"

"நான் எதையும் கடிக்கிறதில்லைங்க. பந்தல்ல ஒரு இலையில, ஒரு காயில நான் போட்ட ஓட்டைன்னு ஒண்ணைக் காட்டிட்டா, நானே கௌதாரி வாயில போய் உக்காந்துக்கறேன்."

முயல் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. அவன் உட்கார்ந்த காய்களில் ஓட்டை எதுவும் இல்லை. மரகதலிங்கத்தின் முதுகில் மஞ்சள் பொட்டு விழுந்தது.

வடிவின் முறை வருவதற்குள் அவளுக்குப் பசி காதை அடைத்தது. அந்த நேரம் பார்த்து, அவளுக்கு முன்னால் வந்து செருகிக்கொண்டது ஒரு காய்ப்புழு. பந்தலில் பாதிக் காயைத் துளைத்தது அதுதான்.

"நீ எதுக்கு இங்க வந்தே?" என்றாள் வடிவு.

"பொட்டு வாங்கத்தான். நான் வருங்காலப் பட்டாம்பூச்சி தெரியுமா?"

"நீ அந்துப்பூச்சிதானே ஆவே?"

"அது உனக்குத் தெரியும், ஓணானுக்குத் தெரியுமா?" என்று புழு நெளிந்து சிரித்தது. சிரிக்கும்போது அதன் உடம்பின் மடிப்புகள் ஒவ்வொன்றும் தளதளவென்று குலுங்கின. வடிவு யோசிக்கவில்லை. ஊசி தானாக நிமிர்ந்தது, தானாகவே இறங்கியது.

"கொலை!" என்று அலறியது பொறிவண்டு. அதுவரை தூங்கியதும் அதுதான், தினம் அசுவினிப் பூச்சியைக் கொத்துக் கொத்தாகத் தின்பதும் அதுதான்.

ஓணான் சிவந்தது, பிறகு கறுத்தது. "என் கண் முன்னாலேயே ஒரு வருங்காலப் பட்டாம்பூச்சியை..."

"அது புழுங்க. காயைத் துளைக்கிற புழு. நான் தினமும் இதைத்தான் செய்யறேன்" என்றாள் வடிவு, வாயில் புழு தொங்கத் தொங்க.

"தினமுமா!" என்றது கூட்டம்.

குரங்கு படம் பிடித்தது. "முள்ளுன்னு வருது."

"முட்டைங்க எங்கே?" என்றது ஓணான்.

"இலையில ஒட்டியிருக்குங்க."

"முட்டைங்களும் நேர்ல வரணும். சரி, இனிமே அதுக்கு அவசியம் இல்லை" என்று சொல்லிவிட்டு ஓணான் அடுத்தவரைக் கூப்பிட்டது.

வடிவு அழவில்லை. பந்தலுக்குப் போய் மரகதலிங்கம் உட்கார்ந்து எழுந்த காய் ஒன்றைக் கொடியிலிருந்து அறுத்தாள். அதைப் புரட்டிப் புரட்டித் தள்ளிக்கொண்டு யானையின் காலடிக்கே போய்ச் சேர்ந்தாள்.

"ஐயா, இதை உரிச்சுப் பாருங்க. உள்ளே ஒண்ணும் இருக்காது. கடிக்கிறவங்க யாரு, உறிஞ்சறவங்க யாருன்னு உங்களுக்கே புரியும்."

யானை காயைத் துதிக்கையில் எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தது. "பச்சைப் பசேல்னு நல்லாத்தானே இருக்கு?"

"உரிச்சுப் பாருங்கய்யா."

"உரிச்சா கெட்டுப் போயிடுமேம்மா." யானை குரலைத் தாழ்த்தியது. "பக்கத்து மலையிலிருந்து கரடிங்க வருது, நம்ம பந்தலைப் பார்க்க. பார்க்கத்தான் வருது, திங்க இல்லை. வெளியே நல்லா இருக்கறப்ப உள்ளே எதுக்கும்மா போறே?"

காயைப் பத்திரமாகக் கொடியிலேயே மாட்டிவிட்டது யானை.

மறுநாள் விடிந்ததும் கௌதாரி வந்தது. பின்னால் ஓணான், குரங்கு, வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். வடிவு ஓடவில்லை. முட்டைகளின் மேல் கால்களைப் பரப்பி நின்றாள். கௌதாரி இடது பக்கம் வந்தால் கேடயத்தை இடது பக்கம் சாய்த்தாள், வலது பக்கம் வந்தால் வலது பக்கம். அலகு ஓட்டில் பட்டு டக் டக்கென்று வழுக்கியது. கௌதாரிக்குக் கோபம் வந்து, இலையையே பிய்க்க வாயைத் திறந்தது.

வடிவு தன் வாழ்நாளில் நாற்றம் விட்டதில்லை. வேட்டையாடுகிறவளுக்கு அது அசிங்கம் என்று நினைத்திருந்தாள். இப்போது கண்ணை மூடிக்கொண்டு, இருந்ததையெல்லாம் விட்டாள்.

மரகதலிங்கத்தின் நாற்றம் இதன் முன்னால் மல்லிகைப்பூ. கௌதாரி தும்மிக்கொண்டே செடியில் முட்டி, வேலியில் முட்டி, எந்தத் திசை என்று தெரியாமல் பறந்தது. குரங்கு கைப்பேசியைப் போட்டுவிட்டு ஓடியது. தூரத்தில் யானை துதிக்கையைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டது.

ஓணான் மட்டும் நகரவில்லை. பயத்தில் நிறம் மாறி மாறி வந்தது. 'இவ்வளவு நாற்றம் விடுகிறாள் என்றால் பின்னால் யாரோ பெரிய ஆள் இருக்கணும்' என்று அதற்குத் தோன்றியது.

"முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்று குழைந்தபடி ஆவாரம்பூவை எடுத்தது. "பொட்டு வச்சிடறேன். ஒரே ஒரு நிபந்தனை. புழுவைத் தொடக்கூடாது. ஊர் பார்க்குது."

வடிவு கீழே குனிந்து பார்த்தாள். ஒரு குடத்தின் மூடியை லேசாகத் தூக்கி, உள்ளேயிருந்து சிவப்பாக ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"சரிங்க" என்றாள்.

அன்றிலிருந்து புழுக்களுக்குக் கொண்டாட்டம். அவள் கண்ணெதிரே காயைத் துளைத்தன, பூவைத் தின்றன, அலுத்துப் போய் இலையையும் தின்றன. வடிவு இலைச்சாற்றைக் குடித்துக்கொண்டு குஞ்சுகளைக் கூட்டிக் கூட்டி அணைத்துக்கொண்டாள். ஒரு புழு அவள் காலை மிதித்துக்கொண்டே போனபோது ஊசி துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

சீக்கிரமே மரகதலிங்கம் வாடிப்போய் வந்தான். "அக்கா, நாலு புழுவைப் பிடிங்களேன். உறிஞ்சறதுக்கு ஒரு காய் கூட மிச்சமில்லை."

"பொட்டு போயிடுமேப்பா."

"மெதுவா, யாருக்கும் தெரியாம..."

"எனக்கு உன்னை மாதிரி சத்தமில்லாமச் சாப்பிட வராதுப்பா" என்றாள் வடிவு. அவளுக்கு அவனைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

கரடிகள் வந்தபோது பந்தலில் மூங்கில் மட்டும் நின்றது. யானை அதன் முன்னால் நின்று பேசியது: "இதோ பாருங்கள், இந்தப் பந்தலில் பூச்சி அரித்த ஒரே ஒரு காயைக் காட்டுங்கள் பார்க்கலாம்!" கரடிகள் தேடித் தேடிப் பார்த்தன. ஒன்றுகூட இல்லை. கை தட்டின. தங்கள் மலையிலும் இப்படி ஒன்று வேண்டும் என்று சொல்லி, ஓணானை ஆலோசகராகக் கூட்டிக்கொண்டு போயின.

வடிவு குஞ்சுகளை நடத்திக்கொண்டு மேட்டைத் தாண்டி, யாரும் எதையும் பயிரிடாத சரிவுக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே புழு உண்டு, குழு கிடையாது. முதல் புழுவை அவள் பிடித்தபோது குஞ்சுகள் எல்லாம் முண்டியடித்து ஊசியை நீட்டின.

"மெதுவா, மெதுவா. எல்லாருக்கும் இருக்கு" என்றாள்.

நீதி: நல்லது செய்வதாக இருந்தால் வாயைத் துடைத்துக்கொண்டு செய்யுங்கள். அது முடியாது என்றால், தாங்க முடியாத அளவுக்கு நாற்றம் விடுங்கள். இரண்டுக்கும் பொட்டு ஒன்றுதான்.